ஒரு கிலோ செர்ட்: வரவு, செலவு, சேதாரம்

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடகரையில் ஏறினால் மரின் ஹெட்லேண்ட்ஸ் குன்றுகள். சாலைக்காக மலையை வெட்டிய இடமெல்லாம் செங்காவி நிறத்தில் பாறை வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் சில சென்டிமீட்டர் தடிமன். இரண்டு வரிகளுக்கு நடுவே விரல் நகம் நுழையும் அளவுக்கு மெல்லிய களிப்பாறை. கல்லின் பெயர் செர்ட். நம் ஊரில் சிக்கிமுக்கிக் கல் என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான். ஜாஸ்பர் என்று நகைக்கடையில் விற்பதும் இதன் நெருங்கிய உறவு.

முழு அடுக்கின் தடிமன் சுமார் 80 மீட்டர். அது படிய எடுத்துக்கொண்ட காலம் சுமார் 10 கோடி ஆண்டுகள். ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில் தொடங்கி, கிரெட்டேசியஸ் காலத்தின் நடுப்பகுதியில் முடிந்தது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஆயிரம் ஆண்டுக்கு 0.8 மில்லிமீட்டர். எழுதும் தாள் ஒன்றின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு தாள் அளவு கல் சேர 125 ஆண்டுகள். ஐந்து சென்டிமீட்டர் வரி ஒன்றுக்குச் சராசரியாக 62,500 ஆண்டுகள்.

இவ்வளவு பொறுமையாகச் சேர்ந்த சரக்கை மனிதர்கள் என்ன விலைக்கு எடுத்தார்கள், எதற்குச் செலவழித்தார்கள், எங்கே நட்டப்பட்டார்கள் என்பதுதான் இந்தக் கணக்கு. ஒரு கிலோவை அலகாக வைத்துக்கொள்வோம்.

கொள்முதல்: ஆண்டுக்கு 2 கிராம்

செர்ட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.6 கிராம். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் 80 மீட்டர் உயரம் என்றால் 208 டன். அதை 10 கோடி ஆண்டுகளுக்குப் பங்கிட்டால், சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 2.08 கிராம். களிப்பாறையின் பங்கும் இதில் அடக்கம். ஒரு கிலோ சேர சுமார் 480 ஆண்டுகள் வேண்டும்.

அந்த 2 கிராமைக் கொண்டுவந்து போட்டவை ரேடியோலேரியா என்னும் ஒற்றைச் செல் உயிர்கள். பெரும்பாலானவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தங்களுக்குச் சல்லடை போன்ற கூடு கட்டிக்கொள்கின்றன. செத்தால் கூடு கீழே இறங்குகிறது.

இறங்கும் கூடுகளில் எத்தனை அடி சேரும்? இன்றைய கடலுக்கு ஒரு வரவுசெலவுக் கணக்கு இருக்கிறது. பால் ட்ரெகர், கிறிஸ்டினா டி லா ரோஷா இருவரும் 2013-ல் வெளியிட்ட மதிப்பீடு அது. மோல் கணக்கில் அவர்கள் சொன்னதை டன்னாக மாற்றினால்:

- ஆறுகள், நிலத்தடி நீர், கடலடி வெந்நீர் ஊற்றுகள், காற்றில் வரும் தூசி வழியாகக் கடலுக்கு வரும் சிலிக்கா: ஆண்டுக்கு சுமார் 56 கோடி டன்
- கடல் உயிர்கள் கூடு கட்டப் பயன்படுத்துவது: ஆண்டுக்கு சுமார் 1,440 கோடி டன்
- கடலடியில் நிரந்தரமாகப் புதைவது: கட்டிய கூட்டில் நூற்றுக்கு சுமார் 3 பங்கு

வரவு 56, புழக்கம் 1,440. அதாவது கடலுக்குள் வந்த சிலிக்கா ஒவ்வொன்றும் சராசரியாக 25 முறை கூடாகி, கரைந்து, மறுபடி கூடாகி, அதன் பிறகே மண்ணுக்குப் போகிறது. மேற்பரப்புக் கடல்நீரில் சிலிக்கா மிகக் குறைவு. பல இடங்களில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கூட்டின் சிலிக்காவோ அதைவிடப் பல மடங்கு கரையக்கூடியது. பசித்த நீர் கூட்டைத் தின்கிறது. தப்பியது மட்டுமே கல்லாகும்.

இந்த 1,440 கோடி டன்னை உலகக் கடல்களின் 36.1 கோடி சதுர கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 40 கிராம். அதில் 3 விழுக்காடு 1.2 கிராம். மரின் பாறையிலிருந்து நாம் கணக்கிட்டது 2.08 கிராம். இன்று இந்த வேலையில் பெரும்பங்கு டயாட்டம் என்னும் பாசிகளுடையது. ஜுராசிக் கடலில் அந்தப் பங்கு ரேடியோலேரியாவுடையது. காலமும் ஆளும் வேறு. ஆனாலும் இரு வழியில் போட்ட கணக்கு ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்குள் வந்து நிற்கிறது. உயிர்வளம் மிகுந்த நீருக்கு அடியில் படிந்த பாறை சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றிருப்பதில் வியப்பில்லை.

சிலிக்கா மட்டும் சேர்ந்ததற்கு ஆழமும் ஒரு காரணம். நாலு, நாலரை கிலோமீட்டருக்குக் கீழே சுண்ணாம்புக் கூடுகள் கரைந்துவிடும். கரையிலிருந்து மணலும் வண்டலும் அவ்வளவு தூரம் வருவதில்லை. மிஞ்சுவது சிலிக்காவும், காற்றில் பறந்து வந்த நுண்களியும்.

போக்குவரத்துச் செலவையும் இங்கேயே எழுதிவிடலாம். இந்தப் பாறை உருவானது கலிபோர்னியாவில் அல்ல. பூமத்தியரேகையை ஒட்டிய பசிபிக் ஆழ்கடலில். கடலடித் தட்டு நகர நகர அதன் முதுகில் ஏறி வந்தது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வேகம் என்று வைத்தால்கூட 10 கோடி ஆண்டில் 5,000 கிலோமீட்டர். அமெரிக்கக் கண்டத்தின் விளிம்பில் தட்டு உள்ளே அமிழ்ந்தபோது, மேலே இருந்த செர்ட் வழித்தெடுக்கப்பட்டுக் கரையில் ஒட்டிக்கொண்டது. அந்த இழுபறியில்தான் வரிகள் இன்று பார்க்கும் மடிப்புகளாகச் சுருண்டன.

பக்குவம்: 5 மில்லிமீட்டர் கூழ், 0.8 மில்லிமீட்டர் கல்

கடலடியில் முதலில் கிடப்பது கூழ். அதன் பருமனில் 80 முதல் 90 விழுக்காடு வரை நீர்தான். 85 என்று வைத்துக்கொண்டால், 0.8 மில்லிமீட்டர் கல்லுக்கு 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூழ் வேண்டும். மேலே பாரம் ஏற ஏற நீர் பிழியப்படுகிறது.

அதற்குப் பிறகு இரண்டு கட்ட மாற்றம். கூடாக வந்த சிலிக்கா ஓபல் வகை: உருவமற்றது, உள்ளே நீரைப் பிடித்து வைத்திருப்பது. புதையும்போது அது கரைந்து, பாதி ஒழுங்கு கொண்ட இன்னொரு ஓபலாகிறது. அதுவும் பின்னர் கரைந்து குவார்ட்ஸ் ஆகிறது. கலிபோர்னியாவின் மான்டெரே படிவத்தில் இந்த மாற்றங்களை ஆராய்ந்தவர்கள் முதல் கட்டத்துக்கு சுமார் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ், இரண்டாம் கட்டத்துக்கு சுமார் 65 முதல் 80 டிகிரி என்று வெப்பநிலை குறிக்கிறார்கள். உலை வைத்து உருக்கிய கல் அன்று இது. குளிக்கும் வெந்நீரைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில் காலம் சமைத்தது.

கிடைக்கும் சரக்கின் விவரம்:

- சிலிக்கா: பொதுவாக 90 விழுக்காட்டுக்கு மேல்
- மணி அளவு: பெரும்பாலும் 0.03 மில்லிமீட்டருக்குக் கீழ்
- கடினம்: மோஸ் அளவையில் 6.5 முதல் 7
- எஃகுக் கத்தி இதைக் கீறாது. இது கண்ணாடியைக் கீறும்

இந்தப் பட்டியலில் இரண்டாவது வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மணி மிக நுண்ணியது என்ற அந்த ஒரே குணம்தான் கணக்கின் வரவுப் பக்கத்திலும் வருகிறது, பற்றுப் பக்கத்திலும் வருகிறது.

நிறம்: நூற்றில் ஒன்றிரண்டின் ஆட்சி

சுத்தமான சிலிக்காவுக்கு நிறம் இல்லை. மரின் குன்றுகளின் சிவப்பு, ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. நுண்துகளாக இருந்தால் ஒன்றிரண்டு விழுக்காடே முழுப் பாறையையும் சிவப்பாக்கப் போதும். அதே இரும்பு ஆக்சிஜன் குறைந்த சூழலில் இருந்தால் பச்சை. மாங்கனீசு சேர்ந்தால் பழுப்பு, கறுப்பு. இரும்பு நீரேறிய ஆக்சைடானால் மஞ்சள்.

இந்த அற்பப் பங்கே சில இடங்களில் தனிச் சரக்கானது. சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே டயாப்லோ மலைத்தொடரில், இதே வகை செர்ட் அடுக்குகளுக்கு இடையில் மாங்கனீசுத் தாது சேர்ந்திருந்தது. அங்கேயுள்ள லாட் சுரங்கம் கலிபோர்னியாவின் முதன்மையான மாங்கனீசுச் சுரங்கங்களில் ஒன்று. முதல் உலகப் போரில் எஃகாலைகளுக்கு மாங்கனீசு கப்பலில் வருவது தடைப்பட்டபோது இந்த மலைகளுக்கு மதிப்பு ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது.

விளிம்பு: கிலோவுக்கு எத்தனை மீட்டர்?

மணி நுண்ணியதாக இருப்பதால் செர்ட்டுக்கு உடையும் திசை என்று ஒன்று கிடையாது. தட்டுகிறவர் நினைத்த பக்கம் உடையும். உடைந்த விளிம்பு கண்ணாடிச் சில்லின் கூர்மையோடு இருக்கும். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி வாழ்ந்த ஓலோனி, கோஸ்ட் மிவோக் மக்கள் இந்த உள்ளூர் செர்ட்டில் சுரண்டிகளும் கத்திகளும் அம்புமுனைகளும் செய்தார்கள். அதைவிடக் கூரான அப்சிடியன் வேண்டுமென்றால் வடக்கே நாப்பா பள்ளத்தாக்கிலிருந்து பண்டமாற்றில் வர வேண்டும். தினசரி வேலைக்குக் காலடியில் கிடந்த கல். தேர்ந்த வேலைக்கு வெளியூர்க் கல்.

ஒரு கிலோ கல்லிலிருந்து எவ்வளவு வெட்டும் விளிம்பு கிடைக்கும் என்பதையே தொழில்நுட்பத்தின் அளவுகோலாக்கியவர் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஆந்த்ரே லெருவா-கூரான். 1964-ல் வெளிவந்த தன் நூலில் ஐரோப்பியக் கருவிகளை வைத்து அவர் தந்த கணக்கு:

- கூழாங்கல்லைத் தட்டிய ஆதிக் கருவி: கிலோவுக்கு சுமார் 10 சென்டிமீட்டர் விளிம்பு
- கைக்கோடரி: சுமார் 40 சென்டிமீட்டர்
- நியண்டர்தால் மனிதர்களின் சில்லுக் கருவிகள்: சுமார் 2 மீட்டர்
- கடைசிப் பனியுகத்தின் நீள்தகடுகள்: 6 முதல் 20 மீட்டர்

கல் அதே கல். எடையும் அதே கிலோ. கைப்பழக்கம் மாறியதில் விளைச்சல் 10 சென்டிமீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு, 200 மடங்கு ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கேட்டில் இதைவிடப் பெரிய இலாபம் வேறு பக்கத்தில் இல்லை. மூலப்பொருள் தொலைவில் கிடைக்கும் ஊரில் இந்த இலாபத்துக்குக் கூடுதல் பொருள் உண்டு: 20 கிலோ சுமந்து வந்தவர் ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜல்லி: ஆயிரம் ஆண்டுக்கு 3 சென்ட்

நகரம் வளர்ந்தபோது கல்லுக்குக் கூர்மை தேவைப்படவில்லை, பருமன் தேவைப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவுக்குள்ளேயே கொரோனா ஹைட்ஸ், பில்லி கோட் ஹில் குன்றுகளில் கிரே சகோதரர்கள் குவாரி நடத்தினார்கள். ஏற்கெனவே வரிவரியாகப் பிளந்து கிடக்கும் செர்ட் எளிதில் பெயரும். நொறுங்கினால் சாலைக்கு அடிப்பரப்பாகும். வெடி வைத்ததில் அக்கம்பக்கத்து வீடுகள் அதிர்ந்தன, வழக்குகள் வந்தன. 1914-ல் ஜார்ஜ் கிரே, தன்னிடம் வேலை பார்த்த ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். அந்தத் தொழிலாளிக்கு வர வேண்டிய கூலி பாக்கி 17.50 டாலர். நடுவர் குழு அவரை விடுவித்தது.

2023-ன் ஜல்லி விலையில் பார்ப்போம். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் மதிப்பீட்டில், 2023-ல் அந்நாடு உற்பத்தி செய்த உடைகல் சுமார் 150 கோடி டன்; மதிப்பு 2,400 கோடி டாலருக்கு மேல். பெரும்பங்கு சுண்ணாம்புக் கல். சராசரி டன்னுக்கு 16 டாலர், கிலோவுக்கு 1.6 சென்ட். அந்த ஆண்டின் மாற்று விகிதத்தில் ஒரு ரூபாய் முப்பது காசு.

செர்ட்டையும் இந்தச் சராசரியில் விற்றதாகக் கொண்டால், ஒரு சதுர மீட்டர் கடலடியில் ஆயிரம் ஆண்டு சேர்ந்த 2.08 கிலோவின் விலை 3.3 சென்ட். பத்து டன் ஏற்றும் லாரி ஒன்றில் போவது, அதே சதுர மீட்டரின் 48 லட்சம் ஆண்டு உழைப்பு. வாங்குகிறவர் கொடுப்பது 160 டாலர். அந்த 160-ம் வெடிமருந்துக்கும் டீசலுக்கும் ஆள்கூலிக்கும் இயந்திரத் தேய்மானத்துக்கும் போகிறது. காலத்துக்கு விலை போடும் பத்தி எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

செய்கூலி, சேதாரம்: நூற்றில் எழுபது

நிறம் நன்றாக அமைந்த செர்ட் ஜல்லிக்குப் போகாது, பட்டறைக்குப் போகும். சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மார்கன் ஹில் பகுதியின் பாப்பி ஜாஸ்பர், சிவப்பும் மஞ்சளும் பூப்பூவாக விழுந்தது. கல் வெட்டுவோர் தேடுவது. ஆஸ்திரேலியாவின் மேற்கில் மூக்கா ஓடைக்கரையில் கிடைக்கும் மூக்கைட் இன்னொரு ரேடியோலேரியாப் பாறை. கருஞ்சிவப்பும் கடுகு மஞ்சளும் பால்வெள்ளையும் ஒரே கல்லில் இருக்கும்.

பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரக் கட்டியை எடுத்துக்கொள்வோம். எடை 2.6 கிலோ. விரிசல் இல்லாத கல், 2 மில்லிமீட்டர் வெட்டும் வைர ரம்பம், 6 மில்லிமீட்டர் பலகை என்று கொண்டால்:

- பலகைகள்: 12
- ரம்பத்தில் தூளாகப் போவது: கால் பங்கு, சுமார் 650 கிராம்
- ஒரு பலகையில் 30-க்கு 40 மில்லிமீட்டர் நீள்வட்டக் கற்கள்: 6, மொத்தம் 72
- மேற்புறம் குவித்து மெருகேற்றிய பின் ஒரு கல்லின் எடை: சுமார் 10 கிராம், அதாவது 50 காரட்
- தேறியது: சுமார் 720 கிராம்
- சேதாரம்: சுமார் 1,880 கிராம், நூற்றுக்கு 72 பங்கு

தங்கத்தின் சேதாரம் பொற்கொல்லர் பட்டறையில் மறுபடி உருக்கப்படும். கல்லின் சேதாரம் சேறு. அது உலர்ந்தால் ஆபத்து. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி 2016-ல் மூச்சோடு போகக்கூடிய படிகச் சிலிக்காத் தூசிக்கு வைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். வேலை செய்கிறவர் ஒரு ஷிஃப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்றால், வரம்பைத் தொடும் அளவு அரை மில்லிகிராம். ஒரே கட்டியை அறுத்ததில் வந்த 650 கிராம் தூளில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் நுரையீரலை எட்டும் நுண்தூசியாகிப் பறந்தாலும், அது 1,300 ஷிஃப்டுகளுக்கான வரம்பு. இந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய் தாக்கிய நுரையீரலைப் பழைய நிலைக்குத் திருப்ப மருந்து இல்லை. ரம்பத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவது இந்தப் பட்டறையில் செய்யும் மிக மலிவான செலவு.

பற்றுப் பக்கம்: 90 கிலோவின் கடன்

1930-களில் கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்குப் பகுதியில் கட்டிய கான்கிரீட் சாலைகளும் பாலங்களும் சில ஆண்டுகளில் வெடிப்புவிடத் தொடங்கின. சிமென்டும் தரத்தில் தேறியது, கல்லும் தேறியது. மாநில நெடுஞ்சாலைத் துறையின் தாமஸ் ஸ்டான்டன் 1940-ல் காரணத்தை எழுதினார்: சிமென்டிலுள்ள சோடியம், பொட்டாசியக் காரமும், ஜல்லியிலிருந்த ஓபல் கலந்த செர்ட்டும் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. விளையும் பசை நீரை உறிஞ்சி வீங்குகிறது. வீக்கம் கான்கிரீட்டைப் பிளக்கிறது.

இங்கே பகையானது, கத்திக்குக் கூர்மை தந்த அதே குணம். மணி எவ்வளவு நுண்ணியதோ காரம் தாக்கும் பரப்பு அவ்வளவு பெரிது. ஓபலாகவே நின்றுவிட்ட செர்ட் மிக வேகமாக வினைபுரியும். முழுதும் குவார்ட்ஸாகப் பக்குவப்பட்டது மெதுவாக. பெரிய மணிகள் கொண்ட குவார்ட்ஸ் பெரும்பாலும் பேசாமல் கிடக்கும்.

கணக்கு இப்படிப் போகும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் சிமென்ட் 350 கிலோ, மணலும் ஜல்லியுமாக சுமார் 1,800 கிலோ என்று கொள்வோம். சிமென்டில் கார அளவு 1 விழுக்காடு என்றால் கன மீட்டருக்கு 3.5 கிலோ காரம். ஸ்டான்டன் ஆய்வுகளைத் தொடர்ந்து வழக்கத்துக்கு வந்த 0.6 விழுக்காட்டு வரம்பில் 2.1 கிலோ.

ஓபல் செர்ட் எவ்வளவு இருந்தால் தீங்கு? இதில்தான் கணக்கு வழக்கத்துக்கு மாறாக நடக்கிறது. ஓபல் போன்ற வேகமான சரக்கில், ஜல்லி முழுவதும் அதுவாக இருப்பதைவிட, சில விழுக்காடு மட்டும் இருப்பதே அதிக வீக்கம் தரும். மிகுதியாக இருந்தால் காரம் பல கற்களுக்குப் பங்காகித் தீர்ந்துவிடும். ஐந்து விழுக்காடு என்றால் 90 கிலோ. ஜல்லி விலையில் அதன் மதிப்பு 1.44 டாலர்.

வீக்கத்தின் அளவு: நூற்றில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 விழுக்காடு நீண்டாலே 100 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர். இன்றைய விரைவுச் சோதனையில் சிமென்ட்-மணல் கட்டிகளை 80 டிகிரி காரக் கரைசலில் 14 நாள் ஊறவைக்கிறார்கள். நீட்சி 0.1 விழுக்காட்டுக்குள் நின்றால் கல் பொதுவாகப் பாதுகாப்பு, 0.2-ஐத் தாண்டினால் ஆபத்து. நடுவில் நின்றால் மேலும் சோதனை. கட்டடத்தில் பத்து, இருபது ஆண்டில் தெரிய வேண்டியது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடுகிறது.

பரிகாரமும் சிலிக்காவே. சிமென்டில் கால் பங்கை எடுத்துவிட்டு அனல் மின்நிலைய ஃப்ளை ஆஷ் சேர்த்தால், அந்தச் சாம்பலின் மாவுபோன்ற சிலிக்கா காரத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். எல்லா இடத்திலும் பரவி நடக்கும் வினை விரிசல் போடாது. ஒரு ஜல்லியைச் சுற்றிக் குவிந்து நடப்பதுதான் போடும்.

ஐந்தொகை

ஒரு கிலோ செர்ட்டின் பெயரில் இதுவரை எழுதியவற்றைத் தொகுத்தால்:

- கடலடியில்: ஒரு சதுர மீட்டரின் 480 ஆண்டு
- கல்லுடைப்பவர் கையில்: 10 சென்டிமீட்டர் முதல் 20 மீட்டர் வரை விளிம்பு
- ஜல்லியாக: 1.6 சென்ட்
- பட்டறையில்: சுமார் 280 கிராம் மெருகுக் கல், 720 கிராம் சேதாரம்
- கான்கிரீட்டில்: சோதித்தால் 1.6 சென்ட், சோதிக்காவிட்டால் பாலத்தின் பழுதுச் செலவில் ஒரு பங்கு

ஐந்து வரியிலும் கல்லின் வேதியியல் ஒன்றே. மாறுவது அதன் மணி அளவும், அது ஓபலா குவார்ட்ஸா என்ற பக்குவமும், எடுத்தவர் அதை அறிந்திருந்தாரா என்பதும். இலாபம் 200 மடங்கு ஏறிய இடத்தில் கல்லைப் புரிந்துகொண்ட கை இருந்தது. 1.44 டாலர் கல் பாலத்தைப் பிளந்த இடத்தில் அந்த அறிவு சில ஆண்டு தாமதமாக வந்தது. எந்தப் பாறையையும் டன் விலையில் மட்டும் வாங்குகிற குவாரியும் ஒப்பந்தக்காரரும் இந்தக் கணக்கின் கடைசி வரியைத்தான் தங்கள் பெயரில் எழுதிக்கொள்கிறார்கள். 14 நாள் சோதனைக்கு ஆகும் செலவு, அந்த வரியை அழிக்கக் கொடுக்க வேண்டிய மிகச் சிறிய தொகை.